உறுதியான வீட்டை இடிக்க மூன்று தடைகள்

நடந்தவை, வரிசையாக:

1. ராயபுரத்தில் ஒரு தெருமுனையில், குகை போலக் கட்டி மாதா சிலை வைத்த கெபி ஒன்றும், அதற்கு நேர் எதிரே ஒரு பிள்ளையார் கோயிலும் இருக்கின்றன. ஒரு விடியற்காலையில் இரண்டின் மேலும் பெட்ரோல் பாட்டில் வீசப்பட்டது.

2. பிள்ளையார் தப்பித்தார். மாதாவின் மேல் கரி படிந்தது. இரண்டுக்கும் நடுவில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த தேசம்மாவின் வலது கை வெந்துபோனது.

3. வீசியவன் ஜெரால்டு. அதே தெருவில் வளர்ந்த பையன். சிலை இருக்கும் இடமெல்லாம் சாத்தானின் வீடு என்று நம்பும் ஒரு சின்னக் கூட்டத்தில் சேர்ந்திருந்தான். அவனைப் பிடிக்கப் போலீசார் தேடி அலையவில்லை. அவனே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான்.

4. ஒலிபெருக்கியை யார் எப்போது போடுவது என்று ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்டுவந்த கோயில்காரர்களும் கெபிக்காரர்களும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து கூட்டுக் குழு அமைத்தார்கள்.

5. கூட்டுக் குழு ஒரே ஒரு தீர்மானம் போட்டது. ஜெரால்டின் வீட்டை இடிக்க வேண்டும்.

6. அந்த வீட்டில் அப்போது இருந்தது அவனுடைய அம்மா ஸ்டெல்லா மட்டும். வீடும் அவர் பெயரில்தான்.

7. அது அபாயகரமான கட்டடம் என்று எழுதித் தரும் வேலை, அந்த வார்டின் உதவிப் பொறியாளரான என்னிடம் வந்தது.

மாநகராட்சியில் பொறியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவங்களைச் சொல்ல ஓய்வுபெற்ற பொறியாளர்கள் இருவரைத்தான் முதலில் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. இன்னொருவர் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு ஓய்வுபெறும் வயதாகவில்லை. ஆனால் அந்த வார்டிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதையே தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கலவையை எப்படிச் சோதிப்பது, தூண் சாய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கட்டடத்தைப் பற்றி நம்மிடம் கேட்கிறவர் உண்மையிலேயே கட்டடத்தைப் பற்றித்தான் கேட்கிறாரா என்று கண்டுபிடிக்கப் பயிற்சி கிடையாது. அதைப் பற்றித்தான் இது.

ஆய்வுக்குப் போன அன்று சந்து நிறைய ஆட்கள். கூட்டுக் குழுவின் தலைவர் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரும்புக் கடை வைத்திருப்பவர். பிள்ளையார் கோயில் நிர்வாகம் அவர் கையில். செயலாளர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அந்தோணி. தெருவில் எல்லோருக்கும் அவர் கிரேன் மாமா. மாதா திருவிழாவை நடத்துவது அவர். ஒரு பக்கம் அண்ணாச்சியின் கிடங்கு, மறுபக்கம் கிரேன் மாமாவின் வீடு, நடுவில் ஸ்டெல்லாம்மாவின் வீடு. மூன்றும் இடைவெளியே இல்லாமல் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய கட்டடங்கள்.

"வாம்மா இஞ்சினியரு," என்றார் கிரேன் மாமா. "நல்லா பாத்துக்கோ. தொட்டா வுயுந்துரும் போல கீது."

தொட்டேன். விழவில்லை. சுத்தியலால் தட்டினேன். கணீரென்றது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்கள், பர்மா தேக்கு உத்திரங்கள், ஒரு துளி ஈரம் இல்லாத தளம். நான் படித்த பொறியியல் கல்லூரியின் கட்டடத்தைவிட அது நன்றாக இருந்தது.

"அங்க மேல பாரு. கிராக்கு," என்று கிரேன் மாமா விரலை நீட்டினார்.

உண்மையிலேயே ஒரு விரிசல் இருந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். அது கிரேன் மாமா வீட்டு மொட்டைமாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் அடியில் தொடங்கி, எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது.

"மாமா, இது உங்க தொட்டி ஒழுகி வந்த விரிசல்."

"அது கெடக்கட்டும். வந்து நிக்கிறது யாரு வூட்ல? அத எய்து."

ஸ்டெல்லாம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவர். சம்பவத்துக்குப் பிறகு அங்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் உள்ளே தட்டிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே நின்ற எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். "வெயில்ல நிக்கிறீங்களே," என்றார். அவருடைய வீட்டை இடிக்க வந்த கூட்டுக் குழு அதை வாங்கிக் குடித்தது. கிரேன் மாமா இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். அவர் உள்ளே போய் எடுத்துவந்து போட்டார்.

ஜெரால்டின் ஸ்டேட்டஸ் வீடியோவை அங்கேதான் பார்த்தேன். அண்ணாச்சி தன் போனில் வைத்திருந்தார். கட்டம் போட்ட சட்டை, ஒழுங்காக வாரிய தலை. சிலை வைத்த தெருக்களெல்லாம் எரியும், அடுத்த மாதத்தோடு உலகம் முடியப்போகிறது, மனம் திரும்பாதவர்களுக்கு இரக்கம் கிடையாது என்று கண் இமைக்காமல் சொல்கிறான். பின்னால் ஒரு பெண் குரல், "டேய், இடியாப்பம் ஆறுதுடா, வந்து துன்னுட்டு பேசு," என்று கூப்பிடுகிறது. சிரிக்கத்தான் தோன்றியது. அப்புறம் கூட்டத்தில் நின்ற தேசம்மாவின் கைக்கட்டைப் பார்த்தேன். அந்த வீடியோவில் அவன் விளையாட்டுக்காக எதையும் சொல்லவில்லை.

மாலையில் மேலதிகாரி போன் செய்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். அவர் எதையும் நேராகச் சொல்லமாட்டார்.

"பழைய பில்டிங் எல்லாமே ஒரு அர்த்தத்துல அபாயம்தானே மேடம்?"

"ஸ்ட்ராங்கா இருக்கு சார்."

"இப்ப ஸ்ட்ராங்கா இருக்கு. எதிர்காலத்துல?"

"எதிர்காலத்துல எல்லாமே விழும் சார். நம்ம ஆபீஸ் உட்பட."

"அப்ப ஒரு ரிப்போர்ட்டாப் போட்டுடுங்க. ஜனங்க கொதிப்பா இருக்காங்க. பெருசாக்க வேண்டாம்."

பொய் எழுதக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம் சண்டை போடவும் விருப்பமில்லை. நம் படிப்பைப் படித்தவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். தொழில்நுட்பத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அந்த வீட்டை இடிக்க நடைமுறையில் மூன்று தடைகள் இருப்பதாக எழுதினேன்.

ஒன்று, சந்து குறுகல், ஜேசிபி நுழையாது. இரண்டு, இரு பக்கச் சுவர்களும் பொதுச் சுவர்கள். அண்ணாச்சியின் கிடங்குக் கூரையும் கிரேன் மாமாவின் மாடியும் இந்தச் சுவர்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நடு வீட்டை எடுத்தால் மூன்றும் விழும். மூன்று, கிரேன் மாமா வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ஸ்டெல்லாம்மாவின் புழக்கடை வழியாகத்தான் போகிறது. இடிபாடு விழுந்தால் அடைத்துக்கொள்ளும்.

மூன்றுமே உண்மை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. யாரையும் எதிர்க்கவில்லை, யாரையும் குறைசொல்லவில்லை. இடிக்கச் சொன்னவர்களின் கூரையே அந்தச் சுவரில்தான் நிற்கிறது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நான் மறந்துபோன விஷயம், என் அறிக்கையைப் படிக்கப்போகிறவர்கள் யார் என்பது. ஒருவர் ஆயுள் முழுக்க இரும்பு விற்றவர். இன்னொருவர் ஆயுள் முழுக்கக் கப்பலிலிருந்து சாமான் இறக்கியவர். தடை என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் அதை, இன்னும் செய்யாமல் இருக்கும் வேலை என்றுதான் படிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கெபியில் காலைப் பூசை முடிந்து, பிள்ளையாருக்கு அபிஷேகம் தொடங்கும் முன் கூட்டுக் குழு கூடியது. கெபிக்கும் கோயிலுக்கும் நடுவில் பந்தல். நாற்காலிகள் கெபியிலிருந்து, டீ கோயிலிலிருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

"மேடம் ரொம்பத் தெளிவா எழுதிக் குடுத்திருக்கீய," என்றார் அண்ணாச்சி. "என்னென்ன பண்ணணும்னு எங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்துச்சு. இப்ப வரிசையாத் தெரிஞ்சுபோச்சு. பொதுச் சுவரப் பத்திக் கவலப்படாதிய. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுல நமக்குத் தெரிஞ்ச யாவாரிய இருக்காவ. ஜாக்கி, ஐ பீம் எல்லாம் வந்து எறங்கிரும். ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்துட்டு நடுவுல உள்ளத மட்டும் நைசா உருவிரலாம்லா?"

"சாக்கட மேட்டரு நம்மளுது," என்றார் கிரேன் மாமா. "என் வூட்டு கக்கூஸ நான் மூடிக்கிறேன். ஊருக்காவ இத்தகூட பண்ணலன்னா நான் இன்னா செகரட்டரி?"

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நீ மூடிக்குவ. நான் எங்க போறது?"

"பொறுமை தாயி. தியாகம்னா அப்டித்தான்."

பிறகு கிரேன் மாமா எழுந்து பாக்கெட்டிலிருந்து ஒரு சாக்பீசை எடுத்தார். பந்தலின் சிமென்ட் தரையில் குனிந்து வரையத் தொடங்கினார். சந்து, அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய தெரு, நடுவில் வீட்டு வரிசை.

"ஜேசிபி உள்ள வராதுன்னு எய்தினியா? கரெக்ட்டு. வராது. நாம தூக்கினு வருவோம். பெரிய கிரேன பின் தெருவுல நிறுத்துறோம். சின்ன ஜேசிபிக்கு சங்கிலி மாட்றோம். அப்டியே வூட்டுங்க மேலயே சுத்தி எட்த்தாந்து சந்துக்குள்ள பொத்துனு இல்லாம, பூ மாதிரி எறக்குறோம். கப்பல்லேர்ந்து நான் எறக்காத சாமானா?"

பந்தலில் கைதட்டல். நான் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்தேன். கிரேனை அவர் நிறுத்தியிருந்த இடம் தவறு.

"அங்க கிரேனோட காலை ஊன்ற முடியாது மாமா," என்றேன். "அதுக்குக் கீழ பழைய செங்கல் சாக்கடை போகுது. பாரம் ஏறினா உள்வாங்கிடும்."

"அப்ப இன்னா பண்லாம்?"

"கொஞ்சம் கிழக்கே தள்ளணும். கால்களுக்குக் கீழே தடிப் பலகை பரப்பினா பாரம் ஒரே இடத்துல விழாது. ஆனா தூரம் கூடிடும், அவ்வளவு தூரத்துல இந்த கிரேன் தாங்குமான்னு..." என்று சொல்லிக்கொண்டே நான் அவர் கையிலிருந்த சாக்பீசை வாங்கியிருந்தேன். எப்போது வாங்கினேன் என்று தெரியாது. முட்டிபோட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிரேன் மாமா எதிர்க்கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் தலையாட்டினார், நான் இன்னொரு கோடு போட்டேன். நல்ல கணக்கு அது. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், நல்ல கணக்கு. கல்லூரியை விட்டு வந்தபிறகு இவ்வளவு ஆர்வமாக யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை.

"பாத்தியளா," என்றார் அண்ணாச்சி பெருமையாக. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

பந்தலின் ஓரத்தில் ஸ்டெல்லாம்மா நின்றுகொண்டிருந்தார். பூசைக்கு வந்தவர், தன் வீட்டைப் பற்றிய கூட்டம் என்பதால் அங்கேயே நின்றுவிட்டார். அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எந்த நாளும்மா? தெரிஞ்சா கேஸு சிலிண்டர வெளிய எட்த்து வெச்சுருவேன். அது கீய மாட்டிக்கினா தெருவுக்கே ஆபத்தாச்சே."

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. கோபமோ அழுகையோ இல்லை. பொறியாளர் கணக்குப் போட்டாகிவிட்டது, இனி நாள் குறிப்பதுதான் பாக்கி என்று நினைத்திருந்தார். அவர் நினைத்ததில் தவறே இல்லை. தரையில் பார்த்தால் எல்லாம் என் கையெழுத்து.

சாக்பீசைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன். முட்டியெல்லாம் தூசி.

"அண்ணாச்சி, மாமா, ஒண்ணு சொல்லணும். நான் எழுதின மூணு தடையும் காரணமே இல்ல. சந்து அகலமா இருந்தாலும் இந்த வீட்ட இடிக்கக் கூடாது. சுவர் தனித்தனியா இருந்தாலும் கூடாது. வீடு நல்லா இருக்கு. அது இவங்களோடது. இவங்க யார் மேலயும் எதையும் வீசல."

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் டம்ளர் நிரம்பி வழிவதைக் கவனிக்கவில்லை.

"இத மொதல்லயே எழுதியிருக்கலாம்லா?" என்றார் அண்ணாச்சி.

"எழுதியிருக்கணும்."

"ஐ பீமுக்குச் சொல்லியாச்சே மேடம்." அவர் குரலில் உண்மையான வருத்தம். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நான் ஒண்ணு கேக்கேன். கோர்ட்டுல இந்தக் கேசு முடியறதுக்குள்ள நானே போயிச் சேந்துருவேன். வீட்ட இடிச்சா நாளைக்கே ஊருபூரா பாக்கும். இனி எந்தப் பயலாவது பாட்டில எடுப்பானா? பயம் வேணும்லா மேடம்?"

"அடுத்த மாசம் உலகமே முடியுதுன்னு நம்பினவன் அண்ணாச்சி அவன். வீடு போயிடுமேன்னு அவன் ஏன் பயப்படப்போறான்? பயப்படறது இவங்க மட்டும்தான்." ஸ்டெல்லாம்மாவைக் காட்டினேன்.

"பெத்தவதானே?" என்றார் கிரேன் மாமா. "வளத்தது யாரு?"

"இதே தெருதான் மாமா. போன வருஷம் மாதா தேருக்குத் தோள் குடுத்தான்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க வீட்டையும் இடிக்கலாமா?"

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "இந்தக் கெபி சாத்தானோட வீடு, அதனால இது எரியணும்னு அவன் நினைச்சான். இது அவனோட வீடு, அதனால இது இடியணும்னு நீங்க நினைக்கறீங்க. கல்லும் சுண்ணாம்பும் குற்றம் பண்ணும்னு நம்பறதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

கிரேன் மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னா சொன்ன? அந்த கஸ்மாலத்தோட எங்கள சேக்கிறியா? ஊரு நல்லதுக்குனு கக்கூஸையே மூட்றேன்னு சொன்னவன் நானு."

ஆளாளுக்குப் பேசினார்கள். அந்தச் சத்தத்தை நிறுத்தியது நான் இல்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். பந்தல் காலருகே கூடையோடு உட்கார்ந்திருந்த தேசம்மாதான் நிறுத்தினார்.

"கொஞ்சம் கம்முனு இருக்கிறீங்களா எல்லாரும்?" என்றார். "கை வெந்தது எனக்கு. ஒருத்தனாவது என்னைக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

"இந்த வூட்ட இடிச்சிட்டீங்கன்னு வையி. நாளைக்கு ஜட்ஜி இன்னா சொல்வாரு? 'அய்யோ பாவம், அவனுக்கு வூடே பூட்ச்சே, அதுவே தண்டன'ன்னு சொல்லி வெளிய வுட்ருவாரு. அவன் நேரா வந்து என் எதுருல நிப்பான். எனக்கு அவன் புழல் ஜெயில்லயே கெடக்கணும். முழு தண்டனையும் அவன் அனுபவிக்கணும். அதுல பாதிய நீங்க வூட்டு மேல வுட்டு கயிச்சீங்கன்னா, நான் இங்கயே பந்தலு கீயே உக்காந்து ஒப்பாரி வெப்பேன். சொல்ட்டேன்."

கூட்டுக் குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. இந்தக் கோணத்தில் அவர்கள் யோசித்திருக்கவில்லை.

காரணம் தவறாக இருந்தால் விளைவு சரியாக இருந்தாலும் ஏற்கக்கூடாது என்று நான் அன்றைக்குத்தான் முடிவெடுத்திருந்தேன். அதனால், "அப்படிச் சட்டம் இல்லம்மா," என்றேன். "வீட்ட இடிச்சதுக்காக ஜட்ஜ் தண்டனையக் குறைக்கணும்னு எதுவும் கிடையாது..."

"நீ வாய மூடும்மா," என்றார் தேசம்மா. "உன்னாலதான் இவ்ளோ பேஜாரே. அந்த மூணு பாயிண்ட எய்திக் குட்த்தது யாரு?"

வாயை மூடினேன். அவர் ஸ்டெல்லாம்மா பக்கம் திரும்பினார்.

"உன்னை நான் காப்பாத்தினேன்னு நெனச்சுக்காத ஸ்டெல்லா. உன் புள்ளைய நான் மன்னிக்க மாட்டேன். சாமி வந்து சொன்னாலும் மாட்டேன்."

"தெரியும் தேசம்மா," என்றார் ஸ்டெல்லாம்மா. "நான் கேக்கவே இல்ல."

வீட்டை இடிக்கும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. கைவிடப்படவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. அண்ணாச்சி வக்கீல் ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். கிரேன் மாமா தரையில் இருந்த படத்தை அழிக்க மனமில்லாமல் நாற்காலியை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மேலதிகாரி போன் செய்தார். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று வேறு எழுதுவதாக அவரிடம் சொன்னேன்.

"அபாயகரம்னு எழுதப் போறீங்களா?" அவர் குரலில் நம்பிக்கை.

"வேணும்னா உண்மையான காரணத்த எழுதித் தரேன் சார். 'வீடு உறுதியாக உள்ளது. மகன் மேல் வழக்கு இருப்பதால் தாயின் வீட்டை இடிக்கலாம்.' நீங்க கையெழுத்துப் போடுங்க."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாது மேடம்."

"ஏன் சார்?"

"எழுதினா தப்பாயிடும்."

"எழுதாமச் செஞ்சா?"

"லைன் சரியா இல்ல," என்றார். என் பக்கம் நன்றாகக் கேட்டது.

ஒரு விஷயத்தை மனிதர்கள் செய்யலாம், ஆனால் காரணத்தைத் தாளில் எழுதக் கூடாது என்றால், அந்தக் காரணத்தைத்தான் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். அது தண்டனை. விசாரணை இல்லாமல், குற்றம் செய்யாதவருக்கு, நீதிபதி அல்லாதவர்கள் கொடுக்கும் தண்டனை. அதற்குத் தண்டனை என்று பெயர் வைக்க முடியாததால் கட்டட ஆய்வு என்று பெயர் வைத்து நம் மேசைக்கு அனுப்புகிறார்கள். நம் கையெழுத்து வேண்டும் என்பதற்குக் காரணம் நம் அறிவு இல்லை. சுத்தியலும் அளவு நாடாவும் வைத்திருப்பவர்களுக்குக் கோபம் கிடையாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நம்மிடம் வந்து கேட்கிறார்கள்.

நான் எழுதிய இரண்டாவது அறிக்கையில் சந்தின் அகலம் இல்லை, பொதுச் சுவர் இல்லை, சாக்கடை இல்லை. கட்டடம் உறுதியாக இருக்கிறது, இடிக்கக் கட்டடம் சார்ந்த காரணம் எதுவும் இல்லை, வேறு காரணம் இருந்தால் அது இந்த அலுவலகம் தீர்மானிக்கக்கூடியது அல்ல. அவ்வளவுதான். கிரேன் மாமா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடனே பழுதுபார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு நோட்டீசும் அனுப்பினேன். அது பழிவாங்கல் இல்லை. தொட்டி ஒழுகுகிறது.

முதல் அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லாமல் இருந்தும் அது ஏன் உதவவில்லை என்று யோசித்திருக்கிறேன். 'முடியாது' என்று எழுதினால் முடியும்படி செய்துகாட்ட ஊரில் ஆள் இருக்கிறது. நம் துறையே முடியாததை முடித்துக்காட்டும் துறை. நம்மையே கூப்பிட்டால் நாமே முட்டிபோட்டு உட்கார்ந்து முடித்துக்கொடுப்போம், நான் உட்கார்ந்ததைப் போல. 'கூடாது' என்பதற்கு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுக்க முடியாது. அதனால் அதை முதல் நாளே, முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். எழுதும்போது அது வெறும் பிடிவாதமாகத் தெரியும். கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். எனக்கு இருந்தது.

அடுத்த மாதம் என்னைத் தெருநாய்களுக்குக் கருத்தடை மையம் கட்டும் பணிக்கு எர்ணாவூர்ப் பக்கம் மாற்றினார்கள். உலகம் அந்த மாதம் முடியவில்லை. மையத்தின் தரைத்தளம் முடிந்துவிட்டது.

இப்போதைய நிலை இது. ஜெரால்டு புழல் சிறையில் இருக்கிறான். வழக்கில் சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. ஸ்டெல்லாம்மா மனுப் போட்டு அவனைப் பார்த்துவிட்டு வருகிறார். மாதாவைக் கும்பிடுவதை நிறுத்தச் சொல்லி அவன் அவரிடம் சொல்கிறான், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அவர் அவனிடம் சொல்கிறார். இறால் கொட்டகை அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தேசம்மாவின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை, சரமாகக் கட்டிய பூவை வாங்கிவந்து விற்கிறார். ஸ்டெல்லாம்மா அவரிடம் பூ வாங்குகிறார், இருவரும் பேசிக்கொள்வதில்லை. கூட்டுக் குழு ஒலிபெருக்கி விஷயத்தில் உடைந்துவிட்டது, வீட்டு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒன்றாக இருக்கிறது. வக்கீல், வீட்டை இடித்தாலும் தண்டனை குறையாது என்று அவர்களுக்கு உறுதி சொல்லியிருக்கிறார். அவர்கள் புது மனுக் கொடுத்து, வேறொரு பொறியாளர் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று உத்தரவும் வாங்கிவிட்டார்கள். அந்த வார்டில் என் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்களில் ஒருவரைத்தான் அங்கே போடப்போகிறார்கள்.